நடுவில் ஒரு வாரம் இல்லை

மைதா மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல் ஆகும்போது இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். "துத்தம் போடலைன்னா நாம படிக்கறதுக்கு முன்னாடி கரப்பான் படிச்சு முடிச்சுடும்" என்பார் சித்தப்பா. அந்தப் பசையின் வாசனை, லேசான புளிப்பும் உலோகமும் கலந்தது, இன்றைக்கும் எங்காவது சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியிலிருந்து வந்தால் நான் நின்றுவிடுகிறேன். 1988 மே மாதத்தில், அண்ணனூரில், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் நிற்கிறேன்.

அன்றைக்கு சித்தப்பா பைண்டு செய்துகொண்டிருந்தது 'என் இனிய இயந்திரா'. அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர். வாராவாரம் கத்தரித்து, தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். சித்தப்பாவுக்கு ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டர் வேலை. ஃபிட்டர் கை என்பதால் புத்தகமும் அளவு பிசகாமல் வரும். கோணி ஊசியால் ஓட்டை, ட்வைன் நூலால் தையல், முதுகுக்குக் காடாத் துணி, முன்னும் பின்னும் போன வருஷத்துக் காலண்டர் அட்டை. பக்கங்களை வரிசைப்படுத்தும் வேலை மட்டும் என்னுடையது. எனக்குப் பதினொரு வயது.

வரிசைப்படுத்தும்போதுதான் தெரிந்தது, நடுவில் ஒரு வாரம் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தோம். பரணில் ஏறினோம். அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேனே, அதுவா இருக்கும்." சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கணக்கு நோட்டிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து, இல்லாத வாரத்தின் இடத்தில் வைத்துத் தைத்தார். "கிடைச்சா இதுல ஒட்டிக்கலாம். அதுவரைக்கும் யாரும் இதுல ஒரு கோடு கூடப் போடக் கூடாது." கடைசியில் இன்னும் ஆறு வெற்றுத் தாள்கள். அவை இரவல் கணக்குக்கு: யார் வாங்கினார்கள், எந்தத் தேதி, திரும்ப வந்ததா.

அப்போதைய அண்ணனூரைச் சொல்லிவிட வேண்டும். திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். இரண்டு பக்கமும் பாதி கட்டிய வீடுகள், அவற்றுக்கு நடுவே முள்காடு, மழை பெய்தால் தவளைகள். ஆனால் சுற்றிலும் இயந்திரங்களின் உலகம். மேற்கே ஆவடியில் டாங்கிகள் செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை. எங்கள் ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'டாங்க் ஃபாக்டரி'தான். கிழக்கே அம்பத்தூர் எஸ்டேட், டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், அதற்கும் அப்பால் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். காலையில் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் காக்கிச் சட்டைக்காரர்கள். சில இரவுகளில் தார்ப்பாய் போர்த்திய டாங்கிகளை ஏற்றிக்கொண்டு சரக்கு வண்டி மெதுவாகப் போகும். கேட்டில் நின்று பார்ப்போம். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து நீளமாக ஒரு குழாய் மட்டும் தெரியும். தூங்குகிற யானையின் தும்பிக்கை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு இயந்திர நாய் வந்து பேசினால் அதிசயப்பட என்ன இருக்கிறது? ஜீனோவை நான் முதல் பக்கத்திலேயே நம்பிவிட்டேன்.

கதை நடப்பது இரண்டாயிரத்து இருபதுகளில். இந்தியாவை ஜீவா என்று ஒரு சர்வாதிகாரி ஆள்கிறார். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் தேடிப் போகிறாள். துணைக்கு ஜீனோ, புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கக் கற்றுக்கொள்கிற நாய். எனக்கு இதில் எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல், படித்ததாலேயே ஒரு இயந்திரம் தன் விருப்பப்படி நடக்க ஆரம்பிக்கிறது. நானும் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குள்ளும் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

ஏழெழுத்துப் பெயர் என்னுடையது. அதில் எந்த இரண்டை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு முழு நாள் யோசித்து, ஒரு காகிதத்தில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். "அது உங்க பாட்டி பேரு. ஒரு எழுத்தும் குறையாது" என்றாள். அவள் அந்தக் கதையைப் படித்ததில்லை. ஆனால் அந்த அரசாங்கத்துக்கு யாராவது சொல்ல வேண்டிய பதில் அதுதான் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. மூர் மார்க்கெட் போகிற ரயிலில் பெரம்பூர் தாண்டினால் வியாசர்பாடி ஜீவா என்று ஒரு ஸ்டேஷன் வரும். மஞ்சள் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சர்வாதிகாரி பெயரை இப்போதே ஸ்டேஷனுக்கு வைத்துவிட்டார்களா? அப்பா சிரிக்காமல், பொறுமையாகச் சொன்னார்: "அது ஜீவானந்தம். கம்யூனிஸ்ட் தலைவர். ஏழைகளுக்காக ஜெயிலுக்குப் போனவர், 1963-லேயே இறந்துட்டார். கதையில வர்ற ஜீவா வேற." பிறகு பல வருஷம் கழித்து, கட்சிக்காரர்கள் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் புத்தகத்தில் அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட் என்று முகவரி பார்த்தபோது, எங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புத்தகம் விளைகிறது என்று ஒரு பெருமை வந்தது.

பைண்டு செய்து முடித்த புத்தகம் ஒரு வாரம்தான் வீட்டில் இருந்தது. பிறகு அது தெருவுக்குப் போனது.

முதலில் எதிர்வீட்டு அக்கா. ஆவடியில் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தவள். அவளிடம்தான் கேட்டேன், குழந்தை பெற எதற்கு அனுமதி என்று. முகம் சிவந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை ஞாபகப்படுத்தினாள். "இப்ப வேணாம்னு கெஞ்சறாங்க. கதையில உத்தரவு போடறாங்க. கெஞ்சறதுக்கும் உத்தரவுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இல்லடி" என்றாள். எமர்ஜென்சி காலத்தில் அவள் ஊரில் நடந்த குடும்பக் கட்டுப்பாடு முகாமைப் பற்றித் தன் அம்மா பேசக் கேட்டிருந்தாளாம். பதினொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் அரசியல் பாடம், ஒரு விஞ்ஞானக் கதையை இரவல் கொடுத்ததால் கிடைத்தது.

அடுத்து டாங்க் ஃபாக்டரி தாத்தா. மெஷினிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் எதையும் படிப்பார். புத்தகம் பத்து நாளில் திரும்பி வந்தது. இரவல் தாளில் தேதிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி: 'நாய்க்கு பாட்டரி எங்கே?'

அந்த ஒரு வரியால் அந்த வருஷக் கோடை நீண்டது. ஸ்டேஷன் பெஞ்சில், சாயங்கால ஆவடி லோக்கலில் வந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் அதைப் பேசினார்கள். காரில் போடுகிற லெட்-ஆசிட் பாட்டரியை வைத்தால் அந்த எடைக்கு நாய் எழுந்திருக்கவே முடியாது என்றார் லூகாஸில் வேலை பார்த்த மாமா. டார்ச் செல் என்றால் தெருமுனை வரைக்கும்தான் நடக்கும் என்றார் இன்னொருவர். சித்தப்பா ரயில் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் பாட்டரிப் பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். 'அவன் எழுதறவன்தானே, அவனுக்கு என்ன தெரியும்' என்று மட்டும் ஒருவர் கூடச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். அவர்களைப் பொறுத்தவரை அவரும் ஃபாக்டரிக்காரர். ஷிஃப்ட் முடிந்து வந்து கதை எழுதுகிறவர். அதனால் அவரிடம் கேள்வி கேட்பது சக தொழிலாளியிடம் கேட்பது மாதிரி.

தமிழில் விஞ்ஞானக் கதையை யார் படித்தார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் கல்லூரி மாணவர்கள், நகரத்து இளைஞர்கள் என்றே சொல்கிறார்கள். நான் அந்த பெஞ்சைப் பார்த்தவள். லேத்திலும் வெல்டிங்கிலும் நாளைக் கழித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இயந்திரம் எங்கே பழுதாகும், எங்கே கையை வாங்கும் என்று உடம்பால் தெரிந்தவர்கள். நாய் தானாக யோசித்தால் அதற்கு ஓவர்டைம் உண்டா என்று ஒருவர் நிஜமான அக்கறையோடு கேட்டார். இதைவிடக் கூர்மையான வாசகர் கேள்வியை நான் பிறகு எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

இரவல் தாள்கள் ஜூலைக்குள் நிரம்பின. தேதி எழுதும் இடத்தில் எல்லோரும் ஏதாவது எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'ஜீவா ஆளே இல்லை, வெறும் ஒளிப்படம் என்று தெரிந்தபோது தூக்கம் போச்சு' என்று பச்சை மையில். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'பின்னால் வருவதை முன்னாலேயே சொல்லாதீர்கள்.' அதற்கும் கீழே, 'மன்னிக்கவும்.' யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று தெரியாது. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே அந்தத் தாளில் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா இன்னும் ஆறு தாள் தைத்தார்.

நடுவில் இருந்த நான்கு தாள்களை மட்டும் யாரும் தொடவில்லை. ஆனால் அந்த இல்லாத வாரத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது. முந்தின வாரம் முடிகிற இடத்தில் நிலாவும் ஜீனோவும் ஆபத்தில் நிற்கிறார்கள்; அடுத்து எங்களிடம் இருந்த வாரத்தில் வேறு எங்கோ இருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்திருக்கும்? அக்கா சொன்னதில் நிலாதான் ஜீனோவைக் காப்பாற்றினாள். தாத்தா சொன்னதில் ஒரு மோட்டார் ஜாம் ஆனது. கேட்காரர் மகன், என் வகுப்புத் தோழன், சொன்னதில் ஒரு ரயில் வந்தது. அவனுக்கு இரும்புக்கை மாயாவி என்றால் உயிர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அந்த மாயாவி. முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அவன் பள்ளிக்கூடப் பைக்குள் பாடப் புத்தகங்களுக்கு நடுவில் சிவகாசியிலிருந்து நேராக வந்தவை போல் புதிதாக இருக்கும். மாயாவியைக் கொடுத்து ஜீனோவை வாங்கிக்கொள்வான். நாங்கள் செய்த பண்டமாற்றில் யாரும் நஷ்டப்பட்டதில்லை.

ஆகஸ்டில் சிலோன் அண்ணா வந்தார்.

எங்கள் வீட்டுப் பின்போர்ஷனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அம்மா, இரண்டு பெண்கள், இந்த அண்ணா. அவருக்கு இருபத்தொன்று இருக்கும். காவல் நிலையத்தில் பதிவு செய்வதும், வெளிநாட்டிலிருந்து தபால் வருகிறதா என்று பார்ப்பதுமாக அவர் நாட்கள் போயின. மற்ற நேரம் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நானே போய்ப் புத்தகத்தை நீட்டினேன். "விஞ்ஞானக் கதை. படிக்கறீங்களா?"

வாங்கினார். கதையைப் பிரிக்காமல் கடைசித் தாள்களுக்குப் போனார். பச்சை மை, சிவப்புப் பென்சில், நீல மை எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தார். வெகுநேரம் ஆயிற்று. பிறகு கேட்டார்: "இது எல்லாம் இந்த ஊர்ச் சனம் எழுதினதோ?"

"ஆமா."

"எங்கட ஊரில ஒரு லைப்ரரி இருந்தது தங்கச்சி. நான் சனிக்கிழமையில போவன். எரிச்சுப்போட்டினம்." அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னார். 1981 மே கடைசி இரவில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் இருந்தன என்று சித்தப்பா பிறகு சொன்னார். சித்தப்பாவின் தகரப் பெட்டியில் இருபது புத்தகம் இருந்தது. தொண்ணூற்றேழாயிரம் என்பதை அன்றிரவு படுத்துக்கொண்டு கற்பனை செய்ய முயன்றேன். முடியவில்லை.

புத்தகத்தை இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். "வெறுங்கையோட தரக் கூடாது. ஆனா என்னட்ட ஒரு புத்தகமும் இல்லை. ஒரு கதை சொல்லட்டோ?" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கொடுத்து அவர் ஆங்கிலத்தில் வாசித்தது. ஆர்தர் சி. கிளார்க் 1979-ல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. எழுதியவர் இங்கிலாந்துக்காரர், ஆனால் 1956 முதல் இலங்கையிலேயே குடியிருப்பவர். "கொழும்பிலதான் இருக்கிறார். எங்கட நாட்டு மனுசன் எண்டுதான் நாங்கள் நினைக்கிறது."

அந்த நாவலை அவர் பதினெட்டு நாள் சொன்னார். கிணற்றடியில், விளக்கு வைக்கிற நேரத்தில். முதல் நாள் நான் மட்டும். நான்காம் நாள் அக்கா, கேட்காரர் மகன், தாத்தா. பத்தாம் நாள் அம்மா கீரை ஆய்வதைக் கிணற்றடிக்கு மாற்றிக்கொண்டாள்.

பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு கயிறு கட்டி, அதில் ஏறிப் போவதுதான் கதை. "கயிறு எதுல மாட்டும்?" என்று தாத்தா பென்சிலை எடுத்தார். அண்ணா தாம்புக்கயிற்றை ராட்டினத்திலிருந்து கழற்றி, நுனியில் ஒரு கல்லைக் கட்டி, தலைக்கு மேல் சுழற்றினார். நாங்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். "பாருங்கோ, கல்லுச் சுத்துமட்டும் கயிறு விறைப்பா நிக்கும். கல்லை ஆரும் மேல பிடிச்சிருக்கேல்லை. பூமி என்ர கை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில ஒண்டைச் சுத்தவிட்டா, அது பூமியைச் சுத்திவரவும் ஒரு நாள், பூமி தன்னைத்தானே சுத்தவும் ஒரு நாள். கீழ நிண்டு பார்த்தா அசையாமல் ஒரே இடத்தில நிக்கும். அங்க இருந்து கயிறை இறக்கலாம். பாரத்துக்குச் சரிக்கட்ட அதுக்கும் மேல ஒரு கல்லு." அப்படி ஓர் உயரம் செய்தித் தொடர்புக்குப் பயன்படும் என்று கிளார்க் 1945-லேயே ஒரு பத்திரிகையில் கணக்குப் போட்டு எழுதியிருந்தார் என்றும் சொன்னார். "உங்கட டிவிக்கு டெல்லியில இருந்து படம் வாறது எப்பிடி? இன்சாட் அந்த உயரத்திலதான் நிக்குது."

தாத்தா பென்சிலைக் காதில் திரும்பச் செருகினார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் கயிற்றின் கால் பூமியில் ஊன்றுவதற்குப் பொருத்தமான ஒரே இடம் ஒரு தீவின் மலைச்சிகரம். அங்கே பௌத்தத் துறவிகளின் மடம் இருக்கிறது. அவர்கள் நகர மாட்டார்கள். தீவுக்குக் கிளார்க் வைத்த பெயர் தப்ரபேன். இலங்கைதான் அது. ஆனால் கயிறு பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும் என்பதற்காக, தீவையே எண்ணூறு கிலோமீட்டர் போல் தெற்கே தள்ளி வைத்துக் கதை எழுதினார். இதைச் சொன்னதும் கீரையிலிருந்து தலை நிமிர்த்தாமல் அம்மா கேட்டாள்: "இழுக்கறதுதான் இழுத்தாரு, இந்தப் பக்கமா இழுத்திருக்கக் கூடாதாப்பா?" அண்ணாவின் அம்மா பின்போர்ஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மஞ்சள் பட்டாம்பூச்சிகள் என்றைக்கு மலையுச்சியை அடைகின்றனவோ அன்றைக்குத் துறவிகள் இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று அந்தக் கதையில் ஒரு பழைய நம்பிக்கை. ஒரு புயல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிகரத்தில் போடுகிறது. "சிவனொளிபாதமலைக்கு உண்மையிலயே வண்ணத்துப்பூச்சி கூட்டங்கூட்டமாப் போகும்" என்றார் அண்ணா. அந்தப் பதினைந்தாம் நாள் மாலையை என்னால் மறக்க முடியாது. அயப்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கிணற்றடிக் கனகாம்பரத்தில் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் பார்த்தோம்.

பல வருஷம் கழித்து அந்த நாவலை நானே ஆங்கிலத்தில் படித்தேன். நல்ல நாவல். ஆனால் பல இடங்களில் தேடினேன், அவர் சொன்னது அங்கே இல்லை. அவர் ஏழு வருஷம் மனத்தில் வைத்திருந்து, மறந்த இடங்களைத் தானே கட்டி நிரப்பியிருக்கிறார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாத ஒருவர் அதை வேறெப்படிக் காப்பாற்ற முடியும்?

கதை முடிந்த மறுநாள் அவர் என்னிடம் திரும்பப் புத்தகத்தைக் கேட்டார். நடுவில் இருந்த நான்கு வெற்றுத் தாள்களைத் தொட்டுக் காட்டி, "இது இப்பிடி இருக்கக் கூடாது" என்றார்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோயிருந்தது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறியிருந்தார்கள். அண்ணா சென்ட்ரல் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடைகளில் தேடினார். செப்டம்பரில் ஒரு நாள் கிடைத்தது. தனி இதழாக அல்ல. யாரோ ஒரு வீட்டில் எங்களைப் போலவே வாராவாரம் சேர்த்துப் பைண்டு செய்து, எக்காரணத்தாலோ எடைக்குப் போட்டுவிட்ட அதே தொடர். பதினைந்து ரூபாய் சொன்னாராம் கடைக்காரர். அண்ணாவிடம் இருந்தது ரயில் காசு மட்டும். வீட்டில் வந்து கேட்டிருந்தால் சித்தப்பா கொடுத்திருப்பார். கேட்கவில்லை. கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, நின்றுகொண்டே அந்த ஒரு வாரத்தை எழுத ஆரம்பித்திருக்கிறார். பாதியில் கடை அடைக்கும் நேரம் வந்துவிட்டது. அடுத்த வாரம் போனபோது, கடைக்காரர் புத்தகத்தை விற்காமல் எடுத்து வைத்திருந்தார். உட்கார ஸ்டூலும் போட்டாராம்.

சித்தப்பா முன்னிலையில், எங்கள் நான்கு தாள்களிலும் அதைத் திருத்தமாகப் பெயர்த்து எழுதினார் அண்ணா. பொடிப்பொடியான எழுத்து, கோட்டுக்கு இரண்டு வரி. முன்னும் பின்னும் விகடனின் அச்செழுத்து, நடுவில் இவருடைய நீல மை. 'ரோபாட்' எல்லாம் அவர் கையில் 'றோபாட்' ஆகியிருந்தது. கம்ப்யூட்டர், கொம்பியூட்டர். நிலாவும் ஜீனோவும் ஒரு வாரம் மட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்தது போல் இருந்தது எனக்கு.

அன்று பெஞ்சில் அதை சித்தப்பா உரக்கப் படித்தார். நாங்கள் கட்டிய கதைகளில் ஒன்று கூட ஒத்துவரவில்லை. மோட்டார் ஜாம் ஆகவில்லை, ரயில் வரவில்லை. கேட்காரர் மகன் முகம் வாடிவிட்டது. தாத்தா அவன் தோளில் கை வைத்து, "உன்னதும் நல்லாத்தான் இருந்தது. எழுதி வை" என்றார். அவன் எழுதினானா என்று தெரியவில்லை. ஆனால் இரவல் தாள்களில் அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த நான்கு பக்கங்களைப் பற்றித்தான் எழுதினார்கள். 'கையெழுத்துக்காரருக்கு நன்றி' என்று ஏழு பேர்.

அண்ணா குடும்பம் 1990-ல் கனடாவுக்குப் போனது. பிறகு ஜீனோ தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. தெருவே உட்கார்ந்து பார்த்தது. எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு ஜீனோ இருந்ததால் திரையில் வந்த நாயைப் பழக்கப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

2008 பிப்ரவரி 27-ம் தேதி சுஜாதா இறந்தார். மார்ச் 19-ம் தேதி கொழும்பில் கிளார்க். இருவருக்கும் நடுவில் இருபத்தொரு நாள். மார்ச் மாதக் கடைசியில் அண்ணனூர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சித்தப்பா வீட்டு எண் மாறவே இல்லை. அன்றைக்கு நான் அங்கே இருந்தது தற்செயல். டொரண்டோவிலிருந்து அந்தக் குரல் வந்தது. பதினெட்டு வருஷம் கழிந்தும் பிசகாத குரல்.

"ரெண்டு பேரும் ஒண்டாப் போயிட்டினம், தங்கச்சி."

"ஆமாண்ணா."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் புத்தகம் இருக்கோ?"

இல்லை. 1996-ல் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, லேடீஸ் கம்பார்ட்மெண்டில் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டே வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கொடுத்தேன். நாளைக்குத் தந்துவிடுகிறேன் அக்கா என்றாள். மறுநாள் அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பல மாதம் அதே பெட்டியில் ஏறித் தேடினேன். சித்தப்பாவிடம் சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று. அதை இப்போது அண்ணாவிடமும் சொன்னேன். "கொரட்டூர்ல இறங்கிப் போயிடுச்சுண்ணா."

அந்தப் பக்கம் மௌனம். வருந்துகிறார் என்று நினைத்தேன்.

"இறங்கேக்க அந்தப் பிள்ளை எந்த இடம் வாசிச்சுக்கொண்டிருந்தது?" என்று கேட்டார்.

கண்ணை மூடி யோசித்தேன். கூட்டம். கதவோரக் கம்பி. மடியாமல் இருக்க மார்போடு அணைத்திருந்தாள். ஒரு விரல் மட்டும் புத்தகத்துக்குள் இருந்தது. பாதிக்கு மேல், முக்கால்வாசிக்கு முன்னால்.

"உங்க கையெழுத்தைத் தாண்டிட்டா, அண்ணா" என்றேன்.